அழித்த வரி

சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பு. கறுப்புத் திரையில் யார் எந்தக் கட்டளையைத் தட்டினாலும், தட்டிய வேகத்திலேயே வீடியோபோலத் திரும்ப ஓடவிட்டுப் பார்க்கும்படி தானாகப் பதிவாக நான்தான் அமைத்தேன்.

"என்னக்கா, நான் தட்டுறத ஒளிஞ்சிருந்து பாப்பீகளோ?" என்று உடன் வேலை செய்த செல்வம் கிண்டலடிப்பான்.

மாரடைப்பில் அவன் இறந்த மறுவாரம், தேயிலை உலர்த்தும் இயந்திரத்தை இயக்கும் கம்ப்யூட்டர் நின்றுபோனது. அரைத்த இலை புளித்து வீணாகத் தொடங்கியது. முன்பு அவன் அதைச் சரிசெய்தபோது உண்டான பதிவைத் தேடி ஓடவிட்டேன்.

எழுத்துகள் அவனுடைய வேகத்திலேயே விழுந்தன. தப்பாகத் தட்டினான், அழித்தான், மறுபடி தட்டினான். நானும் பின்னாலேயே தட்டினேன். கீழே இயந்திரம் உறுமியது.

"ஓடுதுக்கா!" என்று யாரோ கத்தினார்கள்.

ஆனால் பதிவு முடியவில்லை. கர்சர் மட்டும் வெகுநேரம் விட்டுவிட்டு மின்னியது. பிறகு ஆங்கில எழுத்துகளில் தமிழ் வந்தது: "அக்கா, பாக்கீகளா?"

சற்று நேரம் காத்திருந்துவிட்டு ஒவ்வோர் எழுத்தாக அழித்தான்.

அவனுடைய மற்ற பதிவுகளையும் திறந்தேன். எல்லாவற்றின் முடிவிலும் அதே கேள்வி, அதே காத்திருப்பு. தேதி போட்டு ஒழுங்காக அடுக்கிய நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

இப்போது தினமும் ஒன்று பார்க்கிறேன். கேள்வி வந்ததும், "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், செல்வம்" என்கிறேன்.

நான் சொன்ன பிறகுதான் அழிக்கிறான்.