நாத்தனார் காதில் ஹெட்போன்

அந்தக் கல்லூரி நூலகருக்கு இப்போது தலை பாதி நரைத்துவிட்டது. ஆனாலும் யாராவது ஆராய்ச்சி என்று வாயெடுத்தால் போதும், பழைய சாப்பாட்டு மேஜையும் கணவனின் அக்காவும்தான் அவள் கண்முன் வந்து நிற்பார்கள்.

வேலை பார்த்துக்கொண்டே பிஎச்.டி. பண்ணிய காலம் அது. இரவுப் பணி நர்ஸுகள் தங்கள் தூக்கத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பது தலைப்பு. பேட்டிகளைப் பதிவு செய்து குவித்தாளே தவிர, எழுத்தாக்க நேரமில்லை. டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற நாத்தனார்தான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் தட்டச்சுக்கு உட்கார்ந்தார்.

"அக்கா, இதுல பேசினது எதையும் வெளிய சொல்லக் கூடாது."

"ஊரு ரகசியத்தையெல்லாம் காதுல வாங்கி முழுங்கினவ நான். எங்கிட்டயா சொல்ற?"

பேட்டிகளில் ஒரே மாதிரிப் பேச்சுகளை அடையாளமிட்டுப் பிரிக்க ஒரு மென்பொருளைப் பிடித்தாள். கொஞ்ச நாளைக்குத்தான் இலவசம் என்பது அவள் மண்டையில் ஏறவில்லை. பாதி வேலையில் ஒரு காலை அது கதவைச் சாத்திக்கொண்டது. விலையைப் பார்த்த கணவன் கையை விரித்துவிட்டான். அவள் அழுதேவிட்டாள்.

"அழுதா திறந்துடுமா? சும்மா கெடைக்கிறது ஒண்ணுகூடவா இருக்காது? தேடிப் பாரு" என்றார் நாத்தனார்.

தேடினாள். முதலில் கிடைத்தது தமிழைக் கட்டம் கட்டமாகக் காட்டியது. அடுத்ததில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். "புருஷன் பொண்டாட்டி சண்டை போட்ட மாதிரி நிக்குது பாரு" என்று நாத்தனார் சிரித்ததில் அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கடைசியில், இணையக் குழு ஒன்றில் அவள் கேட்டு வைத்த கேள்விக்கு முகம் தெரியாத ஒருவர் பதில் போட்டார். எங்கோ ஒரு பேராசிரியர் தன் மாணவர்களுக்காக எழுதி, எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட மென்பொருள். பார்க்க லட்சணமில்லை, ஆனால் எழுத்துகள் உடையாமல் வந்தன. விட்ட இடத்திலிருந்து அல்ல, முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

அந்த மாலைகள்தான் மாலைகள். அவள் வரியைத் தேர்ந்தெடுப்பாள். நாத்தனார் பெயர் வைப்பார். "இது புலம்பல். இது சமாளிப்பு. 'நல்லாத்தான் தூங்கறேன்'ங்கறாளே, இது சும்மா சொல்றது."

"நிஜமாவே தூங்குறாளோ என்னவோ! நீங்களா எப்படி முடிவு பண்றீங்க?"

டீ ஆறிப்போகும்வரை வாக்குவாதம் நடக்கும். சில நாள் அவள் ஜெயிப்பாள், சில நாள் அவர்.

பட்டம் வந்தது. நாத்தனார் தன் மகளோடு இருக்கப் போய்விட்டார்.

சென்ற வாரம் ஒரு மாணவி, பதிவைக் கொடுத்தால் தானே கேட்டு, எழுதி, பிரித்தும் தருகிற மென்பொருளைக் காட்டினாள். அதுவும் இலவசம்தான். நூலகர் அசந்துபோனாள். வீட்டுக்கு வந்ததும் நாத்தனாருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"பரவாயில்லையே" என்றவர், "அதுல ஒரு நர்ஸம்மா, ரெட்டைப் பிள்ளை பெத்தவ, பேசப் பேசக் கொட்டாவி விடுவாளே... இப்ப எப்படி இருக்காளாம்?" என்று கேட்டார்.

பிறகு ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். கணவன் இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டது அவள் காதில் விழவே இல்லை.