சல்லடையில் சலித்த மண்

சோதனைக்கு மண் எடுத்த அன்று கழனியில் அப்பா இருந்தார், அம்மா இருந்தாள். எப்படி எடுக்க வேண்டும் என்ற துண்டறிக்கையை மூன்று முறை படித்திருந்த நான் மட்டும் இல்லை. கம்பெனியில் எனக்குப் பகல் ஷிப்டு.

கூரம் பக்கம் நாங்கள் வாங்கியது அறுபது சென்ட். அதற்குமுன் எங்கள் வம்சத்தில் யார் பெயரிலும் பட்டா இருந்ததில்லை. முதல் போகம் தேறினால்தான் ஊர் நம்மை விவசாயி என்று சொல்லும் என்பார் அப்பா. மண்ணைச் சோதித்த பிறகே நடவு என்று நான் சொல்லிவிட்டேன். வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் மறுபேச்சு இல்லை.

முடிவு அட்டை வந்தது. கரிமச் சத்து அதிகம், எதுவும் போட வேண்டாம் என்று இருந்தது. அப்பா அதை லேமினேட் செய்து, என் பட்டச் சான்றிதழுக்குப் பக்கத்தில் மாட்டினார். இந்தப் பக்கம் முழுக்கக் களர் நிலம், ஜிப்சம் போடாமல் நடாதே என்று பக்கத்துக் கழனிக்காரர் சொன்னபோது, அட்டையைக் கழற்றிக்கொண்டுபோய் வரி வரியாகப் படித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு பீடி பற்றவைத்தார்.

நட்ட இருபதாம் நாள் பயிர் மஞ்சளடித்தது. மண்மேல் வெள்ளை பூத்து, பாதிக் கழனி சொட்டையாகிவிட்டது. மண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். அப்பா வரப்பில் போன நண்டை அக்கறையாகப் பார்த்தார்.

"பக்கத்துக் கயினி எருக்குழி ஓரத்துல," என்றாள் அம்மா. "கறுப்பா நல்லா இருந்துச்சிபா. மாவு சல்லடையில சலிச்சித்தான் குடுத்தேன்."

"நம்ம மண்ணு இல்லியாமா?"

"பொண்ணு பாக்க வர்றவங்க முன்னாடி கிழிஞ்ச பொடவையிலயா நிக்க வெப்பாங்க? மொத தடவையா நம்ம பேருல ஒண்ணு ஆபீசுக்குப் போவுது. நாலு பேரு பாக்குற எடம்."

ஆக, அந்த மனிதரின் எருவைப் பற்றித்தான் அவருக்கே நான் பாடம் எடுத்திருக்கிறேன்.

மறுபடி மண்ணை நானே பத்து இடத்தில் தோண்டி எடுத்தேன். அப்போதும் மேலே பூத்த வெள்ளையை மட்டும் வழித்துவிடச் சொன்னார் அப்பா. அந்த எருக்குழிக்காரர் சொன்னதைத்தான் இரண்டாவது அட்டையும் சொன்னது. பயிரை அழித்து உழுது, வாலாஜாபாத்திலிருந்து ஜிப்சம் இறக்கி, தண்ணீர் கட்டி வடித்து, பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதோம். அடுத்த போகம் பச்சையாக நின்றது. பக்கத்துக் கழனிக்காரர் இந்த முறையும் பீடி பற்றவைத்தார்.

செத்த நாற்றிலிருந்து எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு, லேமினேஷன் இருபது உட்பட, பதினோராயிரத்து நானூற்று இருபது ரூபாய்.