டன்ஹாமில் பதினான்கு வரிசை

காலை 5.40. நகரத்தின் வில்லரேப் பகுதியில் எங்கள் கட்டடத்து வாசலில் யோகன் அண்ணை வானை நிறுத்தி ஹோர்ன் அடித்தார். கிழமை முழுக்கப் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டசாலையில் பெட்டி தூக்கிய முதுகு எனக்கு. சனிக்கிழமையும் விடியவே எழும்ப வேண்டியிருக்கிறதே என்று ஒரே எரிச்சல். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஐப்பசி கடைசி. டன்ஹாமில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஒருநாள் வேலை. வானில் ஏற்கெனவே மூன்று பெடியள் நித்திரை.

லொங்குய் மெற்றோ ரயில் நிலைய வாசலில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சொந்த மண்வெட்டியோடு ஏறினார்.

"இவர் ஆரண்ணை?"

"தோட்டத்தின்ரை பழைய முதலாளி, மெஸ்யூ ரேமோன். போன வருசம் அதை வித்துப்போட்டார்."

"வித்த மனிசனுக்கு அங்கை என்ன அலுவல்?"

"பேசாமல் வா. பேந்து விளங்கும்."

அங்கிருந்து ஏறக்குறைய எண்பது கிலோமீற்றர். நெடுஞ்சாலை முடிந்தால் சோளம் வெட்டிய வெறும் வயல்கள்தான். வழியில் ஒரு கடையில் எண்பது சதத்துக்குக் கோப்பி குடித்தேன். வாயில் வைக்க முடியாது.

7.15. வேலை இதுதான்: விண்டருக்கு முன் ஒவ்வொரு திராட்சைக் கொடியின் அடியையும் மண்ணால் மூட வேண்டும். மூடாவிட்டால் தை மாதக் குளிர் கொன்றுவிடும். புது வரிசைகளுக்கு டிராக்டர் மண்ணைத் தள்ளிக்கொண்டு போக, அது விட்ட இடங்களை நாங்கள் மூடினோம். மேட்டில் கிடந்த பதினான்கு பழைய வரிசைகள் நெருக்கி நட்டவை, டிராக்டர் நுழையாது. புது முதலாளி அவற்றைச் சாகவிட முடிவெடுத்துவிட்டார். "ஆசையெண்டால் வேலை முடிஞ்ச பிறகு நீங்களே மூடுங்கோ" என்று கிழவரிடம் சொல்லியிருந்தாராம்.

பின்னேரம் 4.05. மண்வெட்டியைப் போட்டுவிட்டு வானுக்குள் விழுந்தோம். கிழவர் தனியே மேட்டில் ஏறினார்.

"போவமண்ணை, முதுகு முறியுது" என்றேன்.

யோகன் அண்ணை என்ஜினை நிறுத்தித் திறப்பைக் கழற்றினார். "எனக்கு ஒரு சொல் பிரெஞ்சு தெரியாத நேரம் வேலை தந்த மனிசன். இருபது வருசமாய் அந்தக் கொடியளை மூடி வளர்த்தவர். நீ இரு, நான் வாறன்."

மற்றப் பெடியளும் முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார்கள். நான் ஐந்து நிமிடம் இருந்து பார்த்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. வாய்க்குள் எல்லாரையும் திட்டியபடி நானும் ஏறினேன்.

கொடிகளின் அடி என் கையளவு தடிப்பு. கிழவர் ஒவ்வொன்றின் அடியில் இருந்த அரும்பையும் விரலால் தொட்டுக் காட்டினார், அதுவரை மண் வேண்டுமென்று. அவர் மூச்சு இரைத்தது. ஆனாலும் எங்களில் ஒருவனாலும் அவரை முந்த முடியவில்லை. ஆறு மணிக்கு இருட்டிவிட்டது. பதினொரு வரிசை முடிந்தது, மூன்று மிச்சம்.

"வாற கிழமை வருவமே?" என்று நானே கேட்டுவிட்டேன். எனக்கே ஆச்சரியம்.

கிழவர் சொன்னதை யோகன் அண்ணை தமிழில் சொன்னார்: "வாற கிழமை நிலம் குளிரிலை உறைஞ்சு இறுகிப்போம், மண்வெட்டி இறங்காது. தைக்கு முதல் நல்லாய் ஸ்நோ விழுந்தால் ஸ்நோவே மூடிவிடும். இல்லாட்டி அந்த மூண்டு வரிசையும் செத்திடும்."

லொங்குய்யில் இறங்கும்போது கிழவர் எங்கள் எல்லாருக்கும் கை தந்தார். மண் அப்பிய கை. "மெர்சி" என்று நன்றி சொன்னார், அவ்வளவுதான்.

மார்கழி முடியும் நேரம். வில்லரேயில் தெரு வெறுமையாய் உலர்ந்து கிடந்தது. "இந்த வருசம் தப்பினம், ஸ்நோ அள்ளுற வேலையில்லை" என்று பஸ் தரிப்பில் எல்லாருக்கும் சந்தோசம். ஏழு விண்டராய் ஸ்நோவைத் திட்டித் தீர்த்தவன் நான். குளிர் காதைக் கடித்தது, மூடாமல் விட்ட அந்த மூன்று வரிசையையும் நினைத்துக்கொண்டேன்.

"விழுந்து துலையன்!" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினேன்.