அம்மா தாண்டாத எலும்பு

உயிரோடு இருக்கிறவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவதுதான் ஊர் வழக்கம். நான் முதன்முதலாக வயிறெரிந்தது ஒரு தொடை எலும்பைப் பார்த்து.

அம்மா அதுவரை ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். காண்ட்ராக்ட் முடிந்து வீட்டிலிருந்த சமயம் பார்த்து, எங்கள் ஊர் மேட்டில் அகழாய்வுக்காரர்கள் வந்து குழி போட்டார்கள். மண் சுமக்கக் கூலிக்குப் போனாள். பத்து நாளில், அந்தக் காலத்தில் செத்தவர்களை வைத்துப் புதைத்த, கால் வைத்த சுட்ட மண்தொட்டி ஒன்று வெளியே வந்தது. உள்ளே எலும்புகள்.

அன்றோடு என் மவுசு போயிற்று. வீட்டில் எப்போதும் ‘அது’ பற்றித்தான் பேச்சு. அதன்மேல் வெயில் படக்கூடாதாம், அம்மா குடை பிடித்தாளாம். மெல்லிய பிரஷ்ஷால் மண்ணைத் தட்டிவிட்டாளாம். என் தலையைச் சிக்கெடுக்கும்போது மட்டும் களை பிடுங்குகிறவள் மாதிரி இழுப்பாள்.

இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. படுத்திருக்கும் பிள்ளையைத் தாண்டினால் வளராது என்பார்கள். தெரியாமல் தாண்டிவிட்டால், வந்த வழியே திரும்பித் தாண்ட வேண்டும், சரியாகிவிடும். எங்களுடையது ஒற்றை அறை. விடிந்ததும் அடுப்புக்குப் போக அம்மா என்னைத் தாண்டித்தான் போவாள். திரும்பித் தாண்டினாளா என்று தூங்குகிறவள் எப்படிப் பார்ப்பது? பள்ளியில் வரிசைக்கு முதல் ஆள் நான்தான். பெரியப்பா வேறு, “இவள கீரக்கட்டு மாதிரி நிக்க வெச்சாலும் படுக்க வெச்சாலும் ஒரே உசரம்டா” என்பார்.

ஒரு சனிக்கிழமை அம்மாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். எலும்புகள் கிடந்த மூலை குறுகல். மற்றவர்கள் எட்டிக் கால் வைத்துத் தாண்டிப் போனார்கள். அம்மா மட்டும் தலையில் மண்கூடையோடு குழியையே சுற்றிக்கொண்டு போனாள்.

“தாண்டி வாயேன்கா. இன்னாத்துக்கு ஊர சுத்திகினு போற?” என்றாள் கூட வேலை செய்தவள்.

“படுத்துகினு கீறத போயி தாண்ட சொல்றியே!” என்றாள் அம்மா.

பெற்ற பிள்ளையைத் தாண்டுகிறவள், செத்த எலும்பைச் சுற்றிப் போகிறாள்!

அந்த நேரம் பார்த்து, ஆராய்ச்சிக்கு வந்திருந்த கல்லூரி அக்கா அந்தத் தொடை எலும்பை அளவுப் பலகைமேல் வைத்தாள். வேடிக்கை பார்க்க வந்த பெரியப்பா, “அந்தக் காலத்து ஆளு. ஏழடிக்குக் கொறையாது” என்றார்.

ஆள் உயரத்தில் ஏறக்குறைய கால் பங்கு தொடை எலும்பு என்றும், ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு கணக்கு என்றும் அக்கா விளக்கினாள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற கதைதான். பிறகு, தனியாகக் கிடந்த ஒரு எலும்புக் குமிழை எடுத்துக் காட்டினாள்.

“ஆனா அந்தக் கணக்கு பெரியவங்களுக்குத்தான். வளர்ந்து முடிச்சவங்களுக்கு இந்த முனை எலும்போட ஒட்டியிருக்கும். இதுல ஒட்டவே இல்ல. இது வளர்ற பிள்ளை. உயரம்னா...” சுற்றிப் பார்த்தவள் என்னிடம் வந்து நின்றாள். “தோராயமா இந்தப் பாப்பா இருக்கும்.”

“ஏழடி ஆளு இந்தக் கீரக்கட்டா!” என்று பெரியப்பா சிரிக்க, மேடே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

உயரத்திலுமா எனக்குப் போட்டி! வந்த ஆத்திரத்தில் அம்மா கூடையோடு வரும் வழியில் மண்ணில் நீட்டிப் படுத்துவிட்டேன்.

“இன்னாடி இது, எழுந்திரு.”

“என்னையும் சுத்திகினு போ. அத மட்டும் சுத்தற, என்ன மட்டும் தாண்டற. அதான் நான் வளரவே இல்ல.”

அம்மா கூடையை இறக்கி வைத்தாள். திட்டப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“உன்ன தாண்டினா திரும்பித் தாண்டிக்கலாம்டி, பைத்தியம். தெனம் காலைல அடுப்ப பத்த வெச்சிட்டு வந்து திரும்பித் தாண்டறேன். நீதான் வாயப் பொளந்துகினு தூங்கற.”

சொல்லிவிட்டுப் புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, எல்லோரும் பார்க்க, என்னை ஒருமுறை தாண்டினாள். வந்த வழியே திரும்பியும் தாண்டினாள். உடம்பெல்லாம் மண்ணோடு எழுந்து, குழியைப் பார்த்து அதற்குப் பழிப்புக் காட்டினேன். ஜெயித்துவிட்டேன் அல்லவா!

அம்மா கூடையைத் தூக்கவில்லை. குழியோரம் போய்க் குந்தினாள்.

“பொண்ணா, பையனாம்மா?” என்று அக்காவிடம் கேட்டாள்.

“இந்த வயசு எலும்புல சொல்றது கஷ்டம்மா.”

“அது கூட வேற யாருனா கீறாங்களா?”

“இல்லம்மா. தனியாத்தான் இருக்கு.”

அம்மா குடையை எடுத்து விரித்தாள். கொண்டுபோன சோறு ஆறிக்கொண்டிருந்தது. நான் இங்கே குத்துக்கல்லாட்டம் நிற்கும்போது, அதற்குத் துணை இருக்கிறதா என்று இவள் ஏன் விசாரிக்க வேண்டும் என்று எனக்கு மறுபடியும் வயிறு எரிய ஆரம்பித்தது.