யானை நின்ற வாசல்

யானைக்கு என்று ஒரு மணம் உண்டு. நனைந்த சாக்கும் வைக்கோலும் சேர்ந்த மாதிரி... அது சந்தியில் திரும்பும்போதே மணம் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் மணிச்சத்தம், மேளம் எல்லாம்.

திருகோணமலையில் எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு யானை வந்தது அந்த ஒரு வருஷம்தான். சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலம். குருநாகல் பக்கமிருந்து லொறியில் ஏற்றி வந்தார்கள். தீர்த்தத்துக்குச் சாமி கடற்கரைக்குப் போகையில் யானை முன்னால் போகும் என்று ஸ்பீக்கரில் சொன்னதும் தெருவே தலைகீழ்!

நான் அப்போதுதான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கொம்யூனிகேஷனில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இப்போதைய பிள்ளைகளுக்கு அது என்னவென்று விளக்க வேண்டும்... வெளிநாட்டுக்கு ஃபோன் கோல் எடுக்கவும், அங்கிருந்து வரும் கோலுக்குக் காத்திருக்கவும் சனம் வந்து இருக்கும் கடை. இரண்டு கண்ணாடிக் கூண்டு, ஒரு ஃபேன், சுவரோரமாகப் பிளாஸ்டிக் கதிரைகள்.

சனிக்கிழமை பின்னேரமென்றால் அதில் ஒரு கதிரை மலரக்காவுக்கு. எங்கள் தெருக்காரர், சில வீடுகள் தள்ளி. அவருடைய புருஷன் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவர். சனிக்கிழமைகளில் எங்கள் கடை நம்பருக்குத்தான் எடுப்பார். அந்த வருஷம் தைப்பொங்கலோடு கோல் நின்றுபோனது. ஏஜென்சிக்காரரும் கையை விரித்துவிட்டார்கள்.

மலரக்கா வருவதை நிறுத்தவில்லை. ஃபோன் மணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்ப்பார். நான் வேறு ஒருவரின் பெயரைக் கூப்பிடுவேன். அவர் பக்கம் திரும்பமாட்டேன்.

இந்த நேரத்தில்தான் தெருவில் ஒரு கதை கிளம்பியது. எந்த வீட்டு வாசல் வாழையில் யானை வாய் வைக்கிறதோ, அந்த வீட்டுக்காரர் நினைத்தது நடக்குமாம். யார் முதலில் சொன்னது என்று நானும் விசாரித்துப் பார்த்தேன். அம்மா, கோயில் ஐயர் சொன்னவர் என்றார். ஐயரைக் கேட்டால், உங்கட அம்மாதானே சொன்னவ என்கிறார்.

சாமி வரும்போது வாசலில் நிறைகுடம் வைத்து இரண்டு பக்கமும் வாழை கட்டுவது வழக்கம்தானே. அந்த முறை எல்லாரும் குலை தள்ளிய வாழையாகத் தேடிப் பிடித்துக் கட்டினார்கள். கதலி, இதரை, கோழிக்கூடு... கிண்ணியாவிலிருந்துகூடக் குலை வந்து இறங்கியது. யானை நடக்கும் வழியெல்லாம் வாழைப்பழத்தைத் தொங்கவிட்டால் அது எப்படி நடக்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை!

மலரக்கா வாசலில் மட்டும் குலை இல்லாத வெறும் வாழை.

"பாவம், கையில காசில்லை போல" என்று அம்மா எங்கள் குலையிலிருந்து இரண்டு சீப்பு வெட்டித் தந்தார். கொண்டுபோய்க் கொடுத்தேன். மலரக்கா சிரித்துக்கொண்டே வாங்கி உள்ளே வைத்தார். வாழையில் கட்டவில்லை. எனக்கு விசர் வந்தது. இந்த நேரத்திலும் இப்படி ஒரு ரோஷமா?

யானை வந்தது. முதல் வீட்டில் ஒரு சீப்பு. அடுத்த வீட்டில் அரைக் குலை. அதற்கடுத்த வீட்டில் முழுக்குலையும் போச்சு. ஊர்வலம் நகரவே இல்லை. தீர்த்தத்துக்கு நேரம் போகிறது என்று ஐயர் பாகனைப் பார்த்துக் கத்துகிறார். பாகன் சிங்களவர், தமிழ் அரைகுறை. யானைக்கு அதுவும் இல்லை.

எங்கள் வாசலுக்கு வந்தபோது அதற்குப் பழம் அலுத்துவிட்டது. எங்கள் குலையை மோந்து பார்த்துவிட்டு அப்படியே போய்விட்டது. அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே... அதற்குப் பிறகு சனம் பழத்தைத் தும்பிக்கையில் திணித்தும் பார்த்தது. உதறிவிட்டு நடந்தது யானை.

மலரக்கா நிறைகுடத்துக்குப் பக்கத்தில் கைகூப்பி நின்றார். யானையைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். உதடு எதையோ முணுமுணுத்தது. பிள்ளையாரே, ஒருக்கா நில்லு என்று நானும் மனதுக்குள் கெஞ்சினேன்.

நின்றது.

வெறும் வாழையைக் கயிற்றோடு பிடுங்கியது. காலால் மிதித்துப் பிளந்து, உள்ளே இருந்த தண்டை உரித்து உரித்துத் தின்றது. மற்றப் பக்கத்து வாழையையும் விடவில்லை. மேளகாரர் அடிப்பதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். மலரக்கா அப்படியே ரோட்டில் குந்தியிருந்து அழுதார். எங்கள் அம்மாவும் அழுதார்.

மாரி தொடங்கிய நேரம் ஒருநாள் கடையில் ஃபோன் அடித்தது. மலரக்காவின் புருஷனுடைய குரல்! ஏதோ ஒரு நாட்டுத் துறைமுகத்தில் வழக்கென்று கப்பலைப் பிடித்து வைத்திருந்தார்களாம், ஆட்களை இறங்கவும் விடவில்லையாம். திரும்ப எடுக்கச் சொல்லிவிட்டுக் கடையைப் போட்டது போட்டபடி ஓடினேன், மலரக்காவைக் கூட்டிவர.

ஆள் ஊர் வந்து சேர்ந்ததும், யானைதான் கொண்டுவந்தது என்று தெரு முடிவு கட்டியது.

இந்த வருஷத் திருவிழாவுக்கு லீவில் ஊருக்குப் போயிருந்தேன். இப்போது யானை இல்லை, டிராக்டரில் காது ஆட்டும் பொம்மை யானை. அது யார் வாசலிலும் நிற்பதில்லை, தீர்த்தம் நேரத்துக்கு நடக்கிறது. கொம்யூனிகேஷன் இருந்த இடத்தில் ஃபோன் கவர் விற்கிறார்கள். மலரக்காவின் புருஷன் வாசலில் நின்று கனடாவில் இருக்கும் மகளுக்கு ஊர்வலத்தை வீடியோ கோலில் காட்டிக்கொண்டிருந்தார். யாரும் இப்போது ஒரு ஃபோன் மணிச்சத்தத்துக்காகக் காத்திருப்பதில்லை. நல்லதுதான்... ஆனாலும் என்னவோ போல இருந்தது.

இவ்வளவு காலமும் மனதில் கிடந்ததைக் கேட்டேவிட்டேன். அத்தனை குலையையும் விட்டுவிட்டு யானை ஏன் உங்கள் வாசலில் நின்றது, அக்கா?

மலரக்கா புருஷனைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"விடியவே கோயில் வீதிக்குப் போய்ப் பாகனிட்டக் கேட்டனான். பழம் திண்டு அலுத்தா அதுக்குத் தண்டுதான் வேணுமாம், குலை தொங்குற வாழையெண்டா மணந்துபோட்டுப் போயிடுமாம். அதான் வெறும் வாழையாப் பாத்துக் கட்டினனான்."

அப்போ பிள்ளையாரை நம்பவில்லையா என்று கேட்டேன்.

"நம்பாமலோ? ஆனா அண்டைக்கு யானை நிக்காமப் போயிருந்தா எனக்குத் தாங்க ஏலாது, பிள்ளை. அதான் பிள்ளையார், பாகன் எண்டு ஒருத்தரையும் விடாமக் கேட்டனான்."