ஈரத் துணிக்கு அடியில் ஒரு மைக்

மூன்று நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு டிசம்பர் மாதம், புயல் கரையைக் கடந்த மறுநாள் காலை, அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடி ஹாலில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிவிடும்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். அடுத்தவர் செய்த பொருளில் குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தி வீட்டுக்கு வந்த பிறகும் போவதில்லை என்பது என் கணவரின் புகார். பொழுதுபோக்கு, ஹாம் ரேடியோ. அரசு வைக்கும் தேர்வை எழுதி, உரிமம் வாங்கி, நமக்கென்று ஓர் அழைப்புக் குறியோடு வயர்லெஸ் செட்டில் பேசலாம். "கையிலதான் செல்போன் கீதே, இது இன்னாத்துக்கு?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது.

அந்தக் காலையில் ஒருவரும் அப்படிக் கேட்டிருக்க முடியாது. கரண்ட் போய் ஒரு நாள் தாண்டிவிட்டது. செல்போன் டவர்கள் ஒவ்வொன்றாகச் செத்துவிட்டன. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். நான் மட்டும் ஒரு பழைய கார் பேட்டரியில் செட்டை இணைத்து, மொட்டைமாடி ஆன்டெனாவை நம்பி உட்கார்ந்திருந்தேன்.

சுற்றுவட்டார ஹாம்கள் எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடியிருந்தோம். யார் எப்போது பேசலாம் என்பதை ஆவடியிலிருந்து ஒருவர் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். வழக்கமாக எங்கள் பேச்சை வாங்கித் தொலைவுக்கு அனுப்ப உயரமான கட்டடத்தில் ஒரு கருவி உண்டு. கரண்ட் இல்லாததால் அதுவும் ஓய்ந்திருந்தது. ஆகவே ஆவடிக்காரர் பேசுவது எனக்கு அந்தப் பக்கம் இருக்கும் நூம்பல் ஊர் நண்பருக்குக் கேட்காது, நூம்பலிலிருந்து பேசுவது ஆவடிக்கு எட்டாது. இரண்டு பேருக்கும் கேட்பது நடுவிலிருந்த என் குரல்தான். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பத்து மணிவாக்கில் நூம்பல் நண்பர் கூப்பிட்டார். அதுவரை அவரை நான் நேரில் பார்த்தது கிடையாது, குரல் மட்டும் பழக்கம். அவருடைய அம்மாவுக்கு நுரையீரல் நோய், வீட்டிலேயே ஆக்சிஜன் மிஷினில்தான் மூச்சு. கரண்ட் போனதும் சிலிண்டருக்கு மாற்றியிருக்கிறார்கள். இருந்த கடைசி சிலிண்டர் இன்னும் இரண்டு மணி நேரம்தான் வரும் என்றார். நிதானமாகத்தான் பேசினார். ஆனால் "ரெண்டு மணி நேரம்" என்பதை மூன்று தடவை சொன்னார்.

நான் ஆவடிக்குச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் நல்ல பதில் வந்தது. தன்னார்வலர்களின் டிராக்டர் ஒன்று சிலிண்டரோடு நூம்பலை ஒட்டிய வேலப்பன்சாவடி வரை வரும், அதில் கையடக்க செட்டோடு ஒரு ஹாம் இருப்பார். அங்கிருந்து எந்தத் தெருவில் தண்ணீர் குறைவு என்று நூம்பல்காரர்தான் வழி சொல்ல வேண்டும். அதை நூம்பலுக்குச் சொன்னேன். காத்திருக்கிறேன் என்றார். அதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

மைக்கை மாட்டச் செட்டின் பக்கத்திலேயே கொக்கி இருக்கிறது. கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கட்டுமே என்று சோபாவில் வைத்தேன். மேலே கூரை ஒழுகுகிறது என்று செட்டுக்கு ஒரு துண்டைப் போர்த்தினேன். அந்த நேரம் பார்த்து பால்கனிக்குள் சாரல் அடிக்க, கொடியில் கிடந்த துணிகளை அள்ளிவந்து சோபாவில் கொட்டினேன். இரண்டு ஜீன்ஸ், ஒரு போர்வை, புடவைகள், எல்லாம் அரை ஈரம். அந்தக் கனத்தில் மைக்கின் பொத்தான் அழுந்திவிட்டது.

ஹாம் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். பொத்தான் அழுந்தியிருக்கும்வரை என் செட் பேசிக்கொண்டே இருக்கும், யார் பேசுவதும் எனக்குக் கேட்காது. அதே அலைவரிசையில் சுற்றியிருக்கும் மற்றவர்களுக்கும் என்னைத் தவிர எதுவும் கேட்காது. அப்போது செட்டில் எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்தால் தெரிந்திருக்கும். அதன்மேல்தான் துண்டைப் போர்த்திவிட்டேனே!

செட் அமைதியாகிவிட்டது. எனக்கு எரிச்சல் வந்தது. இவ்வளவு அவசரத்தில் ஒருவராவது பேசக் கூடாதா? என் கணவர் சமையலறையிலிருந்து, "இன்னாமே, உன் ஆளுங்க எல்லாம் தூங்கப் போய்ட்டாங்களா?" என்றார். அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டேன். ஆவடிக்காரர் கலெக்டர் மாதிரி அதிகாரம் பண்ணுகிறார், இப்போது ஆளையே காணோம் என்றேன். மூன்று நாளாகத் துணி காயவில்லை, வீடு முழுக்க நாற்றம் என்றேன். குக்கரில் தண்ணீர் அதிகம் வைத்த கணவரைத் திட்டினேன். அந்த வழியாக என் நாத்தனாரிடம் போய்ச் சேர்ந்து, அங்கே கொஞ்ச நேரம் தங்கினேன்.

இப்படி முக்கால் மணி நேரத்துக்கு மேல் போயிருக்கும். நடுவில் ஒரு தடவை சந்தேகம் வந்து பேட்டரி ஒயரைப் பார்த்தேன், மொட்டைமாடிக்குப் போய் ஆன்டெனாவைப் பார்த்தேன். மைக்கைப் பார்க்கத் தோன்றவில்லை. ஆன்டெனா செய்த கடைக்காரரையும் சேர்த்துத் திட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது கீழே யாரோ கதவைத் தட்டினார்கள். என் கணவர் போய்த் திறந்து ஒருவரை மேலே கூட்டிவந்தார். என் வயதுதான் இருக்கும். இடுப்புவரை சேறு. ஒரு கையில் கையடக்க ரேடியோ செட். இன்னொரு கையில் பிளாஸ்டிக் பைப்பில் இரும்பு அளவு டேப்பை வெட்டிப் பொருத்திச் செய்த ஆன்டெனா. அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காட்டும் ஆன்டெனா அது.

"சிஸ்டர், உங்க மைக் எங்க கீது?"

நான் சோபாவைப் பார்த்தேன். அவரே துணிகளை அள்ளித் தரையில் போட்டு மைக்கை எடுத்தார். அடுத்த நொடி செட்டுக்குள்ளிருந்து குரல்கள் கொட்டின. ஒருவர்மேல் ஒருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் நூம்பல்காரரின் குரலும் இருந்தது, தொண்டை கட்டிப்போய். துண்டை எடுத்தேன். செட் தோசைக்கல் மாதிரி கொதித்தது.

அவர் மைக்கில் ஒரே ஒரு வாக்கியம் பேசினார். "லைன் கிளியர், ஒரு எடத்துல மைக் மாட்டிக்கிச்சு, சரி பண்ணியாச்சு." எந்த இடம், யார் மைக் என்று சொல்லவில்லை. பிறகு மைக்கை என்னிடம் நீட்டினார்.

நான் கையை நீட்டவில்லை. நீங்களே பேசுங்கள் என்றேன்.

"நூம்பல் சாருக்கு உங்க குரல்தான் பழக்கம் சிஸ்டர். நீங்க கூப்புடுங்க. அழுவுறதெல்லாம் அப்பால வச்சிக்கலாம்."

ஆவடிக்காரர் குரல் வந்தது. கலெக்டர் என்று நான் சொன்ன அதே மனிதர். "அயனம்பாக்கம், வாங்க. டிராக்டர் வேலப்பன்சாவடியில நிக்குது. ஒரு தெருவுல போய்ட்டு தண்ணி அதிகம்னு திரும்பிட்டாங்க. நூம்பல்ல வழி கேளுங்க." அவர் குரலில் கோபத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை.

கூப்பிட்டேன். நூம்பல்காரர் வழி சொன்னார். பெரிய தெரு வேண்டாம், கோயிலுக்குப் பின்னால் மேட்டுத் தெருவாக வந்து, தண்ணீர்த் தொட்டி தாண்டித் திரும்பச் சொன்னார். டிராக்டரில் இருந்தவரின் சின்ன செட்டுக்கு அவர் பேசியது பாதி பாதியாகத்தான் கேட்டது. நான் ஒவ்வொரு திருப்பத்தையும் திருப்பிச் சொன்னேன். சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை. அவராகவே சொன்னார், ஊசி சிவப்புக்குப் போய்விட்டதாம். அதன்பிறகு கால் மணி நேரம் மைக்கை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, பொத்தானில் விரல் படாமல் நின்றுகொண்டிருந்தேன். என் கணவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"மாட்டியாச்சு" என்று நூம்பலிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. "அம்மா கண்ணத் தொறந்து பாக்குறாங்க."

அப்போதுதான் அழுதேன். வந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மழையை மும்முரமாகப் பார்த்தார்.

டீ குடிக்கும்போது அவரிடம் விவரம் கேட்டேன். அவர் அம்பத்தூரில் லேத் வேலை பார்ப்பவர். அந்தக் குரல் அயனம்பாக்கம் ஸ்டேஷன், அதாவது என் செட், என்று கேட்ட எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, வீடு எது என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. வேறு அலைவரிசைக்குப் போகலாம் என்றால், எதற்குப் போவது என்று முன்கூட்டியே பேசிவைக்கவில்லை. ஆளுக்கொரு அலைவரிசைக்குப் போய்த் தேடிவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். இவர் தன் மொட்டைமாடியில் அந்த டேப் ஆன்டெனாவைச் சுற்றித் திசை பிடித்து, வண்டி போகிறவரை போய், அப்புறம் தண்ணீரில் நடந்திருக்கிறார். எங்கள் தெருவுக்கு வந்ததும் எல்லாத் திசையிலும் ஒரே பலமாகக் கேட்டு ஆன்டெனா உதவவில்லை. குழம்பி நின்றபோது அவர் செட்டில் ஒரு குக்கர் விசில் கேட்டது. அதே விசில் எங்கள் ஜன்னலிலிருந்தும் கேட்டது.

அப்படியென்றால் நான் பேசியதெல்லாம் கேட்டதா என்றேன்.

"கேட்டுச்சு சிஸ்டர்."

நாத்தனார் விஷயமுமா?

"அதுதான் ரொம்ப கிளியரா வந்துச்சு."

என் கணவருக்குச் சிரிப்பு தாங்காமல் டீ மேலே கொட்டிக்கொண்டார். டீயை முடித்ததும் அந்த மனிதர் மறுபடியும் தண்ணீரில் இறங்கிப் போய்விட்டார்.

ஞாயிறுதோறும் நாங்கள் எல்லோரும் ரேடியோவில் கூடுவோம். அடுத்த வாரம் அதில் என் முறை வந்தபோது, எழுதிவைத்திருந்த மன்னிப்பைப் படித்தேன். அன்று மாட்டிக்கொண்டது என் மைக்தான், ஆவடி நண்பரைத் தவறாகப் பேசியதற்கும் மன்னியுங்கள் என்றேன். கரண்ட் வந்து மறுபடி ஓட ஆரம்பித்திருந்த அந்த உயரக் கட்டடக் கருவி வழியாக அது எல்லோருக்கும் போயிற்று. பிறகு ஆவடிக்காரர், "கலெக்டர் சொல்றேன், குறிச்சிக்கிட்டேன், அடுத்த ஸ்டேஷன் வாங்க" என்றார். அடுத்தது நூம்பல்.

"மேடம், அன்னிக்கு நான் செட்டைப் போட்டு ஒடைக்கலாம்னு இருந்தேன். ஆனா எங்க அம்மா, மூச்சு வாங்கிகினே, உங்களதான் கேட்டுகினு இருந்தாங்க. பாவம்டா, அந்தப் பொண்ணுக்கு மூணு நாளா துணி காயலையாம்னாங்க."



என்னை மன்னித்தவர்களில் ஒருவர்கூட மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மூச்சுக்குத் தவித்துக்கொண்டே என் ஈரத் துணிக்காக இரங்கிய அந்த அம்மாவை நினைத்துக்கொண்டால், யாரிடமாவது குறை காணப்போகும் என் வாய் இப்போதெல்லாம் தானாகவே கொஞ்சம் தயங்குகிறது.