ஆகவே என்று எழுதி நிறுத்தியவள்

எங்கள் மதினி வீரலட்சுமியிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் குரங்கணியில் யாரும் கிடையாது. நான் சண்டைக்காரி என்று ஊரே சொல்லும். நானே அவளிடம் தோற்றுத்தான் போனேன். குரலை உயர்த்தவே மாட்டாள். அடுப்பை ஊதிக்கொண்டே, "நீ சொன்னதுல இருந்து அது வராதே ராமுத்தாயி" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் என் தாய்மாமன் மகள், பிறந்த ஊர் தேவாரம். ஒரே பிள்ளை என்பதால் மாமன் செல்லம் கொடுத்து, தினமும் பஸ்சில் போடிக்கு அனுப்பி, பி.யு.சி. வரைக்கும் படிக்க வைத்தார். அதில் தர்க்கம் என்று ஒரு பாடம். ஒரு பேச்சிலிருந்து இன்னொரு பேச்சு தானாகப் பிறக்கிறதா, இல்லை நாமாக இழுத்து ஒட்டுகிறோமா என்று சோதித்துப் பார்க்கிற பாடமாம். "இதுக்கு ஒரு படிப்பா? எங்க அண்ணனுக்குக் கிறுக்குப் பிடிச்சுப்போச்சு" என்று என் அம்மா ஜக்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

தேவாரத்தில் மலையடித் தோட்டங்களுக்கு யானை இறங்கும். ஒரு நாள் காலையில் மாமன் தோட்டத்தில் வாழை சாய்ந்து கிடந்தது. யானை வந்துவிட்டது என்று தெருவே தகரத்தைத் தட்டிக்கொண்டு கிளம்பியது. மதினி மட்டும் வாசலில் நின்று, "ஆனை வந்தா வாழை சாயும், சரி. வாழை சாஞ்சா ஆனைதேன் வந்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க? காத்தடிச்சாலும் சாயுமே" என்றாளாம். போய்ப் பார்த்தால் ஒரு காலடித் தடம் இல்லை. காற்றுதான்.

"அப்ப உன் படிப்பை வச்சு எதைத்தேன் அடிச்சுச் சொல்ல முடியும்?" என்று மாமன் எரிந்து விழுந்திருக்கிறார்.

"வாழை நேரா நின்னா ஆனை வரலைன்னு அடிச்சுச் சொல்லலாம்ப்பா. அந்தப் பக்கம் மட்டுந்தேன் வழி இருக்கு" என்றாளாம்.

இப்படிப்பட்டவளைத்தான் முறை விட்டுப்போகக் கூடாது என்று எழுபத்து நாலில் என் அண்ணன் கன்னையனுக்குக் கட்டி வைத்தார்கள். அண்ணனுக்கு எங்கள் ஊருக்கு மேலே மலையில் ஒரு ஏலத்தோட்டத்தில் வேலை. பறித்த காயை உலர்த்துகிற கட்டடத்துக்கு ஸ்டோர் என்று பேர். காய் எடுப்புக் காலம் முழுக்க அங்கே விறகுத் தீ அணையக் கூடாது. அந்தத் தீயைப் பார்த்துக்கொள்வதுதான் அண்ணனுடைய சோலி. அதனால் மலை ஏறினான் என்றால் லேசில் இறங்க முடியாது. வந்தாலும் வெந்நீரில் குளித்து, கறிச்சோறு தின்று, ஒரு ராத்திரி தங்கிவிட்டு ஓடிவிடுவான். புதுசாகக் கல்யாணம் ஆனவள் என்ன செய்வாள்? மலையைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். ஸ்டோர் புகை எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் தெரியும்.

அண்ணன் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். தான் மேலே இருந்தால் தினமும் விடிந்ததும் தீயில் பச்சைத் தழையை அள்ளிப் போடுவான். புகை வெள்ளையாகக் கெட்டியாகக் கிளம்பும். அதைப் பார்த்துத் தைரியமாக இருந்துகொள்ள வேண்டும்.

மதினிக்கு அது போதவில்லை. எழுபத்து ஏழு ஐப்பசியில் அவன் கிளம்பிக்கொண்டிருந்தபோது வழியை மறித்துக்கொண்டாள். "நீங்க இருந்தா புகை வரும், சரி. புகை வந்தா நீங்க இருக்கீங்கன்னு அர்த்தமா? அதையும் சொல்லிட்டுப் போங்க."

"வேற எவன் புள்ள போடுவான்?" என்று அண்ணன் சிரித்தான்.

"சிரிக்காதீங்க. அது தனி வாக்கு. ரெண்டும் சேந்தாத்தேன் எனக்கு நிம்மதி."

"ஆளுக கிளம்பிட்டாங்க. அடுத்த தடவை வந்து அதையும் சொல்றேன்" என்று அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனான். நான் பார்க்கிறேன் என்று அவளுக்கு வெட்கம்.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. அப்படியொரு மழையை நான் பார்த்ததில்லை. ஆற்றில் போட்டிருந்த மரப்பாலம் போனது. மலைப்பாதை பல இடங்களில் சரிந்து மண்ணாகக் கிடந்தது. சுற்றிக்கொண்டு போகலாம் என்றால் போடிமெட்டு ரோட்டிலும் பாறை விழுந்து பஸ்சு, ஜீப்பு எல்லாம் நின்றுவிட்டது. மேலே இருப்பவர்கள் மேலே, கீழே இருப்பவர்கள் கீழே. மழை வெறித்த காலையில் நாங்கள் மூன்று பேரும் வாசலுக்கு ஓடினோம். மலைத் தோளில் வெள்ளையாகப் புகை எழுந்துகொண்டிருந்தது.

"என் சாமி! என் மகன் இருக்கான்!" என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் அழுதே விட்டேன். மதினி மட்டும் உள்ளே போனாள். போய்ப் பார்த்தால் அடுப்புக்கரியை எடுத்துச் சுவரில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அவர் இருந்தால் புகை வரும்.
புகை வருகிறது.
ஆகவே

அதோடு நிறுத்திவிட்டாள்.

"எழுதித் தொலையேன்! அண்ணன் இருக்காருன்னு எழுத வேண்டியதுதான? கை என்ன சோறு திங்கலையா?" என்றேன்.

"வரலையே ராமுத்தாயி" என்றாள். பிறகு அதற்குக் கீழே நான்கு வரி எழுதினாள். அவர் உண்டு, புகை உண்டு. அவர் உண்டு, புகை இல்லை. அவர் இல்லை, புகை உண்டு. அவர் இல்லை, புகை இல்லை. நடக்கக்கூடியது இந்த நான்குதானாம். புகைதான் கண்ணுக்குத் தெரிகிறதே என்று இரண்டாவதையும் நான்காவதையும் கையால் அழித்தாள். முதல் வரியும் மூன்றாவது வரியும் நின்றன.

"இந்த மூணாவதை அழிக்கணும். வேற யாரும் அங்க தழை போடமாட்டாங்கன்னு ஒரு பேச்சு கிடைச்சாப் போதும், அழிச்சுருவேன். அங்க வேற யாரு இருக்காங்க அத்தை?"

"ஸ்டோர்ல அவன்கூட வேலை பாக்குற சோலைப் பய இருக்கான். சாப்பிட எந்திரிக்கவே நாலு தடவை எழுப்பணும். அவனா விடியக்காலம் எந்திரிச்சுத் தழை போடுவான்?"

"சோம்பேறின்னா போடவே மாட்டார்னு ஆகாதே அத்தை."

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசுகிறோம் என்றே தெரியவில்லை. "உன் புருசன் இல்லாமப் போகணும்னுதேன் உனக்கு ஆசையா? புகை தெரியுதுல்ல, கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று கத்தினேன்.

மதினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அவரு இருக்கணும்னுதான் அதை அழிக்கப் பாக்குறேன். பொய்யா அழிச்சா அழிஞ்சதாயிருமா?" என்றாள்.

பாதை திறக்கிற வரைக்கும் எங்கள் வீட்டில் இப்படியே நடந்தது. விடிந்ததும் புகை கிளம்பும். அம்மா கும்பிட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைப்பாள். நான் வயிறாரத் தின்பேன், தூங்குவேன். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட, "கன்னையன் இன்னிக்கும் போட்டுட்டான்" என்று சிரித்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். மதினி அண்ணன் விட்டுப்போன கம்பளித் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, புகை கரைந்த பிறகும் அங்கேயே நிற்பாள். சோறு இறங்கவில்லை. முகம் சுருங்கிக் கண் உள்ளே போய்விட்டது. அவ்வளவு ஏக்கத்தோடு மலையைப் பார்க்கிறவள், மலை காட்டுகிற ஒரே அடையாளத்தை நம்ப மறுக்கிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது.

பாதையைச் சரிசெய்ததும் முதலில் இறங்கி வந்தது சோலைதான். தனியாக வந்தான். வாசலுக்கு வந்தவன் வாயைத் திறக்குமுன் மதினி கேட்டாள்.

"மழை பிடிச்ச அன்னிக்கேவா தம்பி?"

சோலை அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கே விறகு எடுக்கப் போன இடத்தில் அண்ணன் மேல் மரம் விழுந்திருக்கிறது. தூக்கிவிட நேரமில்லை. கீழே கொண்டுவர வழியில்லாததால் சரிவிலேயே குழிவெட்டிப் புதைத்துவிட்டார்கள்.

அம்மா அவன் தலைமுடியைப் பிடித்து உலுக்கினாள். "பாவி! அப்ப அந்தப் புகை? எங்களை ஏண்டா ஏமாத்துன?"

"ஏமாத்தல அத்தை. மழையில பறிப்பே இல்ல, உலத்த ஒரு காய் கிடையாது. ஆனா, கீழ உங்க மதினி பாத்துக்கிட்டு நிக்கும்டான்னு அண்ணே எந்நேரமும் சொல்லிக்கிட்டே இருப்பாரு. வழி இல்லாம நீங்க இங்க கிடந்து தவிக்கக் கூடாதேன்னு..." விடியற்காலம் எழுந்தே பழகாதவன், ஈர விறகோடு மல்லுக்கட்டித் தினமும் தீ மூட்டியிருக்கிறான்.

மதினி அவனுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். "உங்க அண்ணன் மாதிரியேதான் போட்டீங்க தம்பி" என்றாள். பிறகு உள்ளே போய்ச் சுவரில் 'அவர் உண்டு, புகை உண்டு' என்று நின்ற வரியை உள்ளங்கையால் அழித்தாள். அதன் பிறகுதான் அவள் போட்ட சத்தம் எங்களுக்குக் கேட்டது.

அதற்குப் பின் அவள் போடிக்குப் போய்விட்டாள். ஏலக்காய்க் கடை ஒன்றில் காயைத் தரம் பிரிக்கிற வேலை. மாமன் மறு கல்யாணத்துக்கு எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "கேக்காதீங்கப்பா" என்பதோடு சரி. அங்கே அவளோடு காய் பொறுக்குகிறவர்களும் அவள் வாய்க்குப் பயந்தார்கள் என்று கேள்வி. அண்ணன் திதிக்கு மட்டும் வருஷா வருஷம் வருவாள். அந்தக் கம்பளித் துண்டும் கூடவே வரும்.

எண்பத்து ஆறில் வந்தபோது, காலையில் நானும் அவளும் வாசலில் நின்றிருந்தோம். ஸ்டோரில் இப்போது யாரோ வேறு ஆள். அண்ணன் போட்ட மாதிரியே புகை வெள்ளையாகக் கிளம்பியது. எனக்கு மனசு தாங்கவில்லை.

"அன்னிக்கு நாங்க எல்லாம் பைத்தியம் மாதிரி குதிச்சோம். நீ சொன்னதுதேன் சரியாப் போச்சு மதினி" என்றேன்.

"சரியாப் போய் எனக்கு என்ன கிடைச்சுச்சு?" என்றாள். "பாதை திறக்குற வரைக்கும் அத்தைக்கு மகன் இருந்தாரு. உனக்கு அண்ணன் இருந்தாரு. தெருவுல போறவங்களுக்குக்கூட கன்னையன் இருந்தாரு. கட்டுனவ நான், எனக்கு மட்டும் ஒரு நாள்கூட இல்ல. அந்தத் தப்பை நானும் பண்ணியிருந்தா இன்னும் கொஞ்ச நாள் அவரோட வாழ்ந்திருப்பேன்ல?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "இப்பப் பண்ணேன். இந்தா புகை வருது. அண்ணன் இருக்காருன்னு ஒரு தடவை நெனச்சுக்க. யாரு உன்னைக் கேக்கப்போறா?"

மதினி துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு மலையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. நான் காத்திருந்தேன். புகை மேலே போய், அகன்று, மேகத்தோடு கலந்தது.

"வரமாட்டேங்குது ராமுத்தாயி" என்றாள்.